ஆணி அடிக்கக் கூடாத வீடு

2 ஜூன் 2023

குருணில் வாங்கிய வீட்டின் சாவி இன்று கைக்கு வந்தது. ஐந்து சாவிகள். ஒவ்வொன்றிலும் சிறு தாள் ஒட்டி எந்தக் கதவுக்கு என்று எழுதினேன். பின்கதவுத் தாழ்ப்பாள் பொருந்தவில்லை. தச்சரிடம் சொல்ல வேண்டும்.

வாங்கியது சரிதானா? ஆறு மாதமாக இதே கேள்வி.

மருமகன் யோகேந்திரன்தான் ஆரம்பித்தார். குருணுக்கு உள்ளே மலையடியில் ஏதோ அரிய மண் தோண்டுகிறார்களாம். மின்சாரக் காருக்கு வேண்டிய மண்ணாம். லாரி ஓட்டுபவர்களும் இயந்திரக்காரர்களும் வந்து குவிகிறார்கள், தங்க வீடில்லை. "மாமா, மண்ணு தோண்டுறவனுக்கு லாபம் வருதோ இல்லையோ, அவனுக்கு வீடு குடுக்குறவனுக்குக் கண்டிப்பா வரும்லா" என்றார். என் பணிக்கொடை, என் மனைவி மருதம்மாள் சீட்டுப் போட்டுச் சேர்த்தது, எல்லாம் இந்த ஒற்றை மாடி வீட்டுக்குள் போய்விட்டது. இனி என்னிடம் இருப்பது ஓய்வூதியமும், சுங்கைப்பட்டாணியில் மகள் ஷாமளா வீட்டின் பின் அறையும்.

மருதம்மாள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? மெர்போக் பக்கத் தோட்டப் பள்ளியில் நான் வாத்தியார். முப்பத்திரண்டு வருடம் ஆசிரியர் குடியிருப்பு. கதவுக்குப் பின்னால் விதிமுறைத் தாள் ஒட்டியிருக்கும்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மற்ற ஆசிரியர்கள் அடித்தார்கள். நான் அடிக்கவில்லை. மருதம்மாள் நாட்காட்டியை ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். ஓய்வு பெற்றபின் எட்டு வருடம் வாடகை வீடு, அங்கும் அதே விதி. "சாகுறதுக்குள்ள சொந்தச் சுவத்துல ஒரே ஒரு ஆணி அடிச்சிப் பாக்கணும்ங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

அவள் போய் இரண்டு வருடம்.

9 ஜூன் 2023

பால் காய்ச்சினோம். ஷாமளா கோலம் போட்டாள். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. அடுப்பை நான்தான் சற்றுச் சாய்த்து வைத்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

சாமி அறையில் முதல் ஆணி. சிமெண்டுச் சுவர், இரண்டு ஆணி வளைந்துவிட்டன. மூன்றாவதும் பாதியில் வளைந்தது, ஆனால் நின்றது. "குடுங்க மாமா, நான் அடிக்கிறேன்" என்றார் யோகேந்திரன். கொடுக்கவில்லை. அதில் மருதம்மாள் படத்தை மாட்டினேன். கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது.

ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அங்கே அவளுக்கு விளக்கேற்றுவது என்று முடிவு செய்திருக்கிறேன். தினமும் காரில் போய் வர வேண்டும். முடியும்.

17 ஜூன் 2023

ஒன்பதாம் நாளே ஆள் வந்துவிட்டது.

தரகர் ரஹ்மத் குருணில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்தபடியே வீடும் பிடித்துக் கொடுப்பார். "சார், வீட்டைச் சும்மா பூட்டி வெச்சா பேய்தான் குடிவரும். அது செவா கட்டாது" என்றார். வாடகை அவர் வாயில் செவா. அறைக்கு ஐந்து பேர் என்று போட்டால் இரண்டு பங்கு வாடகை வரும் என்றும் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை, குடும்பம்தான் வேண்டும் என்றேன். பரஞ்சோதி என்ற லாரி ஓட்டுநர், அவர் மனைவி லோகேஸ்வரி. அவள் வேலையாட்களுக்குக் காலையில் தேங்காய்ப்பால் சோறும் சம்பாலுமாக நாசி லெமாக் பொட்டலம் கட்டி விற்கப்போகிறாளாம்.

ஒப்பந்தத்தைக் கடை மேசையிலேயே எழுதினோம். ரஹ்மத் வைத்திருந்த அச்சுத் தாள். ஒவ்வொரு வரியாகப் படித்தேன், இரண்டு எழுத்துப் பிழை திருத்தினேன். ஒன்பதாவது விதி: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. "எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் சார். விட்டா சுவர சல்லடையாக்கிடுவானுங்க" என்றார் ரஹ்மத்.

கையெழுத்துப் போட்டேன்.

18 ஜூன் 2023

நேற்றே அவர்கள் குடிவந்துவிட்டார்கள், படத்தை எடுத்து வர மறந்துவிட்டேன். மறந்தேனா?

7 ஜூலை 2023

வாடகை வங்கிக்கே வந்துவிட்டது. இருந்தாலும் போனேன், படத்தை வாங்கி வர.

வாசலிலேயே லோகேஸ்வரி, "வாங்க சார், பசியாறிட்டீங்களா?" என்றாள். இல்லை என்று சொல்வதற்குள் பொட்டலம் கைக்கு வந்துவிட்டது. சாமி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மருதம்மாளுக்கு ஒரு முழம் மல்லிகை. படத்தின் முன்னால் சின்னதாக ஒரு நாசி லெமாக் பொட்டலம்.

"வீட்டுக்காரம்மாதானே சார்? நீங்க சொல்லாமலே வெச்சிட்டுப் போனீங்க, நாங்களே வெளக்கேத்திக்கிட்டோம். காலையில மொதப் பொட்டலம் அவங்களுக்குத்தான். அன்னையிலேர்ந்து ஒரு பொட்டலம் மிஞ்சினதில்ல."

"அவளுக்குச் சம்பால் உறைப்பு ஆகாது" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அட, மொதல்லயே சொல்லக் கூடாதா சார்! பாவம், மூணு வாரமா உறைப்பா குடுத்திட்டிருக்கேன்."

திரும்பும்போது கவனித்தேன். அவர்களுடைய கல்யாணப் படம், பெரிய சட்டம் போட்டது, கூடத்தில் தரையில் சுவரோரமாகச் சாய்ந்து நிற்கிறது. ஏன் கீழே என்று கேட்டேன். பரஞ்சோதி தலையைச் சொறிந்தார். "அக்ரிமெண்ட்ல ஆணி அடிக்கக் கூடாதுன்னு இருக்குலா சார்."

'அடித்துக்கொள்ளுங்கள்' – ஒரே ஒரு சொல். அது ஏன் வாயில் வரவில்லை? ரஹ்மத்திடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேனா? என் சொந்த வீட்டுக்கா?

"பார்ப்போம்" என்றேன். பார்ப்போமாம்.

படத்தைக் கேட்கவும் இல்லை.

26 ஜூலை 2023

நாற்பத்தெட்டாவது நாள். நான் ஏற்றியது எட்டு நாள். மீதியை லோகேஸ்வரி ஏற்றிவிட்டாள்.

14 பிப்ரவரி 2024

மலையடியில் வேலையை நிறுத்திவிட்டார்கள். அனுமதி சிக்கலாம். கம்பெனிக்காரர்கள் போன வாரமே போய்விட்டார்கள். லாரிகள் சாலையோரம் வரிசையாக நிற்கின்றன. எங்கள் வரிசையில் நான்கு வீடு காலி. வாசல்களில் மெத்தை, உடைந்த மின்விசிறி.

பரஞ்சோதி அழைத்தார். இந்த மாதம் பாதி வாடகைதான் முடியுமாம். சரி என்றேன். "சார் கோவமா?" என்று மூன்று முறை கேட்டார். எனக்கு யாரிடமாவது கோபப்பட வந்திருக்கிறதா?

15 மார்ச் 2024

ரஹ்மத் ஓர் ஆள் கொண்டுவந்திருக்கிறார். தொழிற்சாலை ஆட்களுக்குத் தங்குமிடம் நடத்துபவர். நாங்கள் வாங்கிய விலைக்குக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்வாராம். நிபந்தனை ஒன்றுதான்: ஏப்ரல் பதினைந்துக்குள் வீடு காலியாக வேண்டும். இதை விட்டால் இந்த விலையும் கிடைக்காது என்கிறார். அது உண்மைதான் என்று எனக்கே தெரிகிறது.

யோகேந்திரன் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். "தப்பு என்மேலதான் மாமா. நான்தான் இழுத்து விட்டேன். வித்திடுங்க, இப்பவாச்சும் காச கையில பாத்திடலாம்."

"நீங்கள் இழுக்கவில்லை, நானேதான் வந்தேன்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. நல்ல பிள்ளை.

ஷாமளா மட்டும் கேட்டாள். "அப்பா, நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

எனக்கு என்ன தெரியும்? விற்கவில்லை என்றால் வீடும் விலை போகாது, கையிலும் ஒன்றும் இருக்காது. நாளைக்குப் படுத்துவிட்டால் எல்லாம் இவள் தலையில். விற்றால் அந்த இரண்டு பேரும் எங்கே போவார்கள்?

விற்பதுதான் முறை. எழுதி வைக்கிறேன்: விற்பதுதான் முறை.

20 மார்ச் 2024

காலி செய்யச் சொல்லி அறிவிப்புக் கடிதம். நான்கு முறை எழுதினேன். முதலாவதில் 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கினேன், பொய்யாக இருந்தது. இரண்டாவதில் மன்னிப்பே பாதிக் கடிதம். கடைசியில் ஆறு வரி. உறையில் போட்டுவிட்டேன்.

22 மார்ச் 2024

நோன்பு மாதம். ரஹ்மத் கடையில் பகலில் அடுப்பில்லை. இருந்தாலும் உட்காரச் சொன்னார். "குடுத்திட்டீங்களா சார்?" என்றார். போய்க்கொண்டிருக்கிறேன் என்றேன். முகத்தைப் பார்த்தார்.

போனேன். கடிதம் சட்டைப் பையில்.

கூடத்தில் பெட்டிகள் கட்டியிருந்தன. அவர்களாகவே கட்டிவிட்டார்கள். அடுத்த மாத வாடகை முடியாது என்று தெரிந்ததும், நான் வந்து சொல்லும்படி வைக்கக் கூடாது என்று பேசிக்கொண்டார்களாம். பரஞ்சோதியின் அண்ணன் வீடு கோத்தா கோலா மூடாவில், அங்கே ஓர் அறை.

லோகேஸ்வரி உள்ளே போய், புதுத் துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினாள். "அம்மா படம் சார். மத்த சாமானோட வெச்சிட்டுப் போக மனசு வரல. ஒங்க கையில குடுத்திட்டுத்தான் போகணும்னு இவர்கிட்ட சொன்னேன்."

வாங்கிக்கொண்டேன். கண்ணாடியைத் துடைத்திருக்கிறாள். சட்டத்தின் பின்னால் இருந்த ஒட்டடைகூட இல்லை.

சாமி அறையில் ஆணி மட்டும் நின்றது. நான் அடித்த அந்த வளைந்த ஆணி. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. நாங்க நாப்பது வருசம் அடுத்தவன் சுவத்துக்குப் பயந்து வாழ்ந்தோம். இப்ப நான் என்ன செஞ்சிட்டு நிக்கிறேன்? கம்பியில கயிறு கட்டுனாளே, அவகிட்ட போய் என்ன சொல்றது – நானும் தாள் ஒட்டிட்டேன்னா?

படத்தை அங்கேயே மாட்டினேன்.

"பரஞ்சோதி, வீட்டில் சுத்தியல் இருக்கிறதா?" என்றேன்.

"பெட்டியில போட்டுக் கட்டியாச்சே சார். ஏன்?"

"பெட்டியைப் பிரியுங்கள். கல்யாணப் படத்தை எங்கே மாட்டணும் என்று சொல்லுங்கள்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். லோகேஸ்வரி சட்டென்று முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். "செவா சார்?" என்றார் பரஞ்சோதி. வேலை கிடைக்கும்வரை வேண்டாம் என்றேன். அப்புறம், முடிந்ததைக் கொடுங்கள் என்றேன்.

கடிதம் இன்னும் பையில் இருக்கிறது. வீட்டில் என்ன சொல்லப்போகிறேன்?

23 மார்ச் 2024

சொல்லிவிட்டேன். யோகேந்திரன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, "அப்ப அந்தப் பின்கதவுத் தாழ்ப்பாள நானே வந்து மாத்தித் தர்றேன் மாமா" என்றார்.

30 மே 2024

அந்தத் தங்குமிடக்காரர் பக்கத்து வீட்டை வாங்கிவிட்டார், எனக்குச் சொன்ன விலையைவிடக் குறைவாக. நான் அன்றே விற்றிருக்க வேண்டும். இல்லை. தெரியவில்லை.

பரஞ்சோதிக்குத் தொழிற்சாலை வேன் ஓட்டும் வேலை. பக்கத்து வீட்டில் இப்போது இருபது பேர். லோகேஸ்வரியின் பொட்டலம் ஆறரை மணிக்கே தீர்ந்துவிடுகிறதாம்.

6 செப்டம்பர் 2024

குருண் வீட்டு முன் அறைக்கு நானே குடிவந்து இன்றோடு ஒரு வாரம். ஷாமளா அழுதாள். பின் அறை எப்போதும் எனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறாள், வெள்ளிக்கிழமை தோறும் வந்துவிடுவதாக நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். இன்று அவளும் யோகேந்திரனுமே வந்துவிட்டார்கள், நாசி லெமாக்குக்காக.

கூடத்தில் கல்யாணப் படம். அதன் பக்கத்தில் ஒரு கடிகாரம், லோகேஸ்வரியின் நாட்காட்டி, பரஞ்சோதி அம்மாவின் படம். ரஹ்மத் ஒருநாள் வந்து சுவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். காலையில் மருதம்மாளுக்கு வைக்கும் பொட்டலத்தில் உறைப்பு இல்லை. அப்புறம் அதை நான்தான் சாப்பிடுகிறேன், எனக்கு உறைப்புப் பிடிக்கும், சொல்லவில்லை.

சட்டை மாட்ட இடமில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றேன்.

"லோகேஸ்வரி, முன் அறைச் சுவரில் ஓர் ஆணி அடித்துக்கொள்ளலாமா?"

அவள் கரண்டியோடு திரும்பினாள். "யாரு வீடு சார் இது? யாருகிட்ட வந்து கேக்குறீங்க?"

பழக்கம். அவள் சரி என்று சொல்லும்வரை நின்றேன்.