பலகையில் நீ எழுதிய பதில்

என் அருமைச் சண்டைக்கார மச்சான்,

சுகமா என்று எழுத வந்து, இது என்னடா கேள்வி என்று என்னையே திட்டிக்கொண்டேன். நீ எனக்கு முதலில் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. என் தங்கச்சி சுமதியைக் கட்டியது அதற்குப் பிறகுதான். மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த உன் கொட்டகையைப் போன ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். திறக்காமலே இருந்திருக்கலாம்.

நம் மெசினுக்கு ஒரு குறையும் இல்லை. பெட்டி பெட்டியாக வந்த துண்டுகளை நாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே பொருத்திய, கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் சீவுகிற அந்தச் சின்ன சிஎன்சி ரவுட்டர். இரத்தோட்டை ஃபெக்டரியில் கரண்ட் வேலை முடித்து வந்த கையோடு, பலாபத்வலையில் வீட்டுக்குப் பின்னால் நீ அதோடு மல்லுக்கட்டுவாய். அரசாங்கக் கச்சேரியில் ஃபைல் பார்த்துக் களைத்த நான் லீவு நாளில் வந்து குறை சொல்வேன். கோணலாக அறுத்து வந்த பலகையை அதில் இறுக்கிவிட்டால், அதன் சுழல்கத்தி, அந்தக் கட்டர், போய்ப் போய் வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி மட்டமாக்கிவிடும்.

சீவுவதற்கு முன் பலகை முழுக்கப் பென்சிலால் கிறுக்க வேண்டும். பென்சில் எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே பள்ளம். எல்லாம் அழிந்துவிட்டால் பலகை மட்டம். மற்றவர்கள் கோடு போடுவார்கள். நீயோ "மச்சான் ஒரு முசுடு" என்று பலகை நிறைய எழுதி வைப்பாய். நான் எகிறினால், "சும்மா இரு மச்சான், கொஞ்ச நேரத்துல சாட்சியே இருக்காது" என்று சிரித்துக்கொண்டு சுவிட்சைப் போடுவாய்.

கலேவெலயிலிருந்து யாருடைய லொறியிலோ ஏற்றி வந்தாயே, சுமதியின் சாப்பாட்டு மேசைக்கென்று ஒரு பலாப் பலகை? நீ இறுக்கி வைத்தபடியே மெசினில் இருந்தது. ஓரம் விடாமல் உன் எழுத்து. வாசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ பாதியில் விட்ட மேசையை முடித்து வைத்தால் தங்கச்சி முகத்தில் கொஞ்சம் உயிர் வரும், அது ஒன்றுதான் என் புத்தியில் இருந்தது. அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, பலகையின் மேட்டைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, கட்டரை அதில் தொட வைத்து ஓட விட்டேன்.

நாலாவது தடவை ஓடி, நடுப்பள்ளத்தில் மிச்சமிருந்த எழுத்தும் போய்க்கொண்டிருந்தபோது, கோயிலிலிருந்து திரும்பிய சுமதி கேட்டடியிலேயே மெசின் சத்தம் கேட்டு ஓடி வந்தாள்.

"அண்ணா, நிப்பாட்டுங்க! ஐயோ, நிப்பாட்டுங்க!"

நிறுத்தினேன். பலகை மஞ்சளாக, ஒரு எழுத்துகூட இல்லாமல், மட்டமாகக் கிடந்தது. அவள் மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நீ போன அன்று காலையில் உங்கள் இரண்டு பேருக்கும் சண்டையாமே. எனக்கு நீயும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

"நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிட்டு, கிளினிக் போகாம பென்சிலைத் தூக்கிக்கிட்டு இங்க வந்துட்டாரு அண்ணா. எனக்கு வந்த கோவத்துல, 'அந்தப் பலகையைக் கட்டிக்கிட்டே சாவுங்க'ன்னு கத்திட்டேன். அவரு பாட்டுக்கு எழுதிக்கிட்டிருந்தாரு. மாத்தளைக்கு புது கட்டர் வாங்கப் போறப்ப கேட்டைத் தொறந்துக்கிட்டே, 'பலகையில பதில் எழுதியிருக்கேன், போய்ப் பாரு'ன்னாரு. நான் வீம்புக்குப் போகல."

பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நீ விழுந்தாய், பிறகு எழும்பவில்லை.

"கோவமா எழுதியிருந்தா தாங்க மாட்டேன்னுதான் இத்தனை நாளா பாக்கல. இன்னிக்குப் பாப்போம், நாளைக்குப் பாப்போம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். இன்னிக்கு சாமியைக் கும்பிட்டுட்டு, பாத்துரணும்னுதான் வந்தேன். நீங்க வாசிச்சீங்கதானே? என்னாண்ணா எழுதியிருந்தாரு?"

வாசிக்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

"'உன் மேல கோவமே இல்ல, பின்னேரம் கிளினிக் போவோம்'னு எழுதியிருந்தான்" என்றேன். வாய் கூசவே இல்லை, மச்சான்.

அவள் அழுதாள் அழுதாள், அப்படி அழுதாள். மத்தியானம் தானே போட்டு வயிறாரச் சாப்பிட்டாள். உன் காரியம் முடிந்த பிறகு அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. இப்போது தினமும் போன் எடுத்து, "இன்னொரு தரம் சொல்லுங்கண்ணா" என்கிறாள். நானும் சொல்கிறேன். நேற்று 'பின்னேரம்' என்பதை மறந்து விட்டுவிட்டேன். அவளே எடுத்துக் கொடுத்தாள்.

என்னடா எழுதினாய்? திட்டியிருந்தாயா? கெஞ்சியிருந்தாயா? அவளைச் சிரிக்க வைக்க ஏதாவது கோமாளித்தனமா? கண்ணாடியைப் பையில் போட்ட என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. உன் கடைசிப் பேச்சு என் கண் முன்னால்தான் இருந்தது, நான் பார்க்க மாட்டேன் என்றுவிட்டேன்.

அதை அழித்தது என் மடத்தனம். ஆனால் அந்த இடத்தில் என் பேச்சை வைத்து, உன் பேரைச் சொன்னேனே, அதற்கு என்ன பேர்? அவள் உன்னோடு சமாதானமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். சமாதானமானது என்னோடுதான்.

இந்தக் கடிதம் வேறு யார் கண்ணிலும் படுமுன் அவள் முன்னால் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டுவேன். என்னை வாசலை விட்டு இறங்கச் சொன்னாலும் இறங்க மாட்டேன். உன் பதிலை என்னால் அவளுக்குத் தர முடியாது, என் பொய்யையாவது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவள் மறுபடியும் சோற்றைத் தள்ளி வைத்தால், அவள் சாப்பிடுகிற வரைக்கும் நானும் பட்டினியாகப் பக்கத்தில் இருப்பேன். இது சத்தியம்.

உன் எழுத்தை வாசிக்காமல் அழித்த பாவி,
உன் மச்சான்