மஞ்சள் கோடு போட்ட ஐம்பத்திரண்டு மாடல்

படப்பை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி இனியவனுக்கு,

அக்கா எழிலரசி எழுதுவது. அம்மா, சுகப்பிரியா, குழந்தை எல்லோரும் நலம். எனக்கு உடம்பு நலம், மனசு கொதிக்கிறது.

நீ ஒரு லட்சம் முன்பணம் கொடுத்த ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் புல்லட் போலி. வெள்ளிக்கிழமை சுங்குவார்சத்திரம் போய், என் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மீதி ஐந்து லட்சத்தை அனுப்பாதே என்று அன்றைக்கே மெசேஜ் போட்டேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. போன் செய்தால், "டவர் இல்லக்கா" என்று வைத்துவிட்டாய். கத்தாரில் டவர் இல்லையாம்! அதனால்தான் பேப்பரில் எழுதி, வியாழக்கிழமை தோஹா திரும்பும் நம் தெரு கண்ணப்பன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். காகிதத்தை நீ பாதியில் வைத்துவிட முடியாது பார்.

விஷயம் எனக்குத் தெரிந்ததே சுகப்பிரியா சொல்லித்தான். புதன்கிழமை கடைக்கு வந்த உன் பெண்டாட்டி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். "அண்ணி, ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு" என்று சொல்லிவிட்டு அழுதாள். வண்டியை ஆறு லட்சத்துக்கு வாங்கி, பெங்களூரில் பழைய வண்டி சேர்க்கும் யாரோ ஒரு பணக்காரனுக்குப் பத்து லட்சத்துக்கு விற்று, அந்தக் காசோடு ஒரேயடியாக ஊர் திரும்பப் போகிறாயாம். ஆறு வருஷம் வெயிலில் வெந்து சேர்த்தது மொத்தமே அந்த ஆறு லட்சம்தான் என்றும் சொன்னாள்.

ஏண்டா, கம்பெனி கேட்டில் ஒரே ஒரு மொபெட்டை நிறுத்திப் பழைய வண்டி வியாபாரம் ஆரம்பித்தவள் நான். இன்றைக்கு ஒரகடத்தில் ஷிப்டுக்குப் போகிற பசங்களில் பாதிப் பேர் என் கடை வண்டியில் போகிறார்கள். கிக்கர் அடிக்கிற சத்தத்தில் வண்டி எத்தனை கை மாறியது என்று சொல்லிவிடுவேன். ஊரே என்னைக் கூட்டிப்போய் வண்டி பார்க்கிறது. என் கூடப் பிறந்தவன் மட்டும், கூலிங் கிளாஸ் போட்ட ஒருத்தன் வண்டி மேல் சாய்ந்துகொண்டு டீ குடிக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு லட்சத்தை அனுப்பிவிட்டான். எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தால் என்ன? நான் என்ன கமிஷனா கேட்டிருப்பேன்?

சரி, நடந்ததைக் கேள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மருமகனுக்குச் சீர் வாங்க வந்தவள் மாதிரி போனேன். வீடியோக்காரன் பேர் வசந்தகுமார். ஒரு லாட்ஜுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. "வாங்கம்மா, வாங்கம்மா" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டான். "எங்க தாத்தா வண்டிம்மா இது. மிலிட்டிரில கீறச்சொல்ல வாங்கனாரு. கப்பல்ல வந்த அம்பத்திரெண்டு மாடலு. இன்னி வரிக்கும் இஞ்சின தொறந்ததே கெடயாது. ஒரு போல்ட்ட தொட்டதில்ல" என்றான்.

வண்டி அழகு. அதை மறைக்க மாட்டேன். டேங்க்கில் கையால் இழுத்த தங்கக் கோடு, சீட்டுத் தோலில் அங்கங்கே வெடிப்பு, ஆர்.சி. புத்தகம்கூட விரல் பட்டால் உதிர்கிற மாதிரி. ஆனால் துருவைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. துரு, தண்ணீர் தங்குகிற இடத்தில் முதலில் பிடிக்கும். மட்கார்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினேன், மொழுமொழுவென்று இருந்தது. துரு எல்லாம் கேமராவுக்குத் தெரிகிற பக்கத்தில்தான் இருந்தது.

அடுத்து பேட்டரி வயரைக் கழற்றி, வண்டியைக் கிளப்பச் சொன்னேன். அந்த வருஷத்து இஞ்சினில் தீப்பொறி மேக்னெட்டோவிலிருந்து வரும். பேட்டரியே இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். வசந்தகுமார் பதினொரு தரம் உதைத்தான். சட்டை நனைந்ததுதான் மிச்சம். "ஸாரிம்மா, மேக்னெட்டோ வீக்காயி போன வருசம் மாத்திட்டோம்" என்றான். எழுபது வருஷத்து வண்டியில் ஒரு பாகம் மாற்றியதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு போல்ட்டைத் தொட்டதில்லை என்று பத்து நிமிஷத்துக்கு முன்னால் சொன்னவன் அவன்தானே?

குனிந்து போல்ட்டுகளைப் பார்த்தேன். இஞ்சின் தலையில் இருக்கிற ஒவ்வொரு நட்டிலும் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு, பாதி நட்டிலும் பாதி மூடியிலுமாக. கிளட்ச் மூடியில், பின் சக்கரத்தில், எங்கே பார்த்தாலும் அதே கோடு, ஒரே நீளத்தில். இதை நீயும் பார்த்திருப்பாய். புது வண்டி முதல் சர்வீஸுக்கு வரும்போது இருக்கும். கம்பெனி லைனில் ஒரு நட்டைச் சரியான அளவுக்கு இறுக்கி முடித்ததும் பெயிண்ட் பேனாவால் கோடு போடுவார்கள். நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். ஐம்பத்திரண்டில் கப்பலில் வந்த வண்டிக்கு ஒரகடத்து ஃபேக்டரிக் கோடு எப்படி வந்தது?

கொட்டகை மூலையில் ஒரு பெண் சக்கரக் கம்பிகளை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். எந்தக் கம்பெனிம்மா நீ என்று கேட்டேன். "ஒரகடத்துல இஞ்சின் லைனுக்கா. எட்டு வருசம். காண்டிராக்ட்டு முடிஞ்சு போச்சின்னு நிறுத்திட்டாவ" என்றாள். கோவில்பட்டிப் பக்கமாம், பேர் தங்கமாரி. கோடு நீ போட்டதா என்றேன். "ஆமாக்கா, இறுக்குனா போடணும்லா? போடாட்டி வண்டிய அடுத்த ஸ்டேஷனுக்கு விடமாட்டாவ" என்றாள், நான் ஏதோ தெரியாதவள் மாதிரி.

வசந்தகுமாருக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "இந்தக் கோட்ட போடாத, போடாதன்னு ஒனக்கு எத்தினி தபா சொல்லிக்கிறேன்!" என்று கத்தினான். கத்தியபிறகுதான் நான் நிற்பது ஞாபகம் வந்தது. அவள் அமைதியாக, "கை தானா போடுது அண்ணாச்சி. நான் என்ன செய்ய?" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இதை ஐம்பத்திரண்டு மாடல் என்று ஆறு லட்சத்துக்கு விற்கிறார்கள், தெரியுமா என்று அவளிடம் கேட்டேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டாள். "சினிமாக்காரவுகளுக்கு வாடகைக்கு விடுததாச் சொன்னாவளே" என்றாள். அப்புறம் அவனைப் பார்த்து, "ஆறு லட்சமா அண்ணாச்சி? எனக்கு நாளுக்கு அறுநூறுல்லா குடுத்திய?" என்றாள். எட்டு வருஷம் ஒரு கைக்கு இவ்வளவு நேர்த்தியைப் பழக்கிவிட்டு, ஒரு நாள் காலையில் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறார்களே, அவர்களை என்ன சொல்வது? அந்தக் கையை வைத்து வசந்தகுமார் உன் காசைப் பறிக்கிறான்.

சாவியால் ஹேண்டில் கழுத்தைச் சுரண்டினேன். பெயிண்ட்டும் பட்டியும் உதிர்ந்து உண்மையான சேஸிஸ் நம்பர் தெரிந்தது. எண்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. காயலான் கடையில் கிடைத்த பழைய ஆர்.சி.யை வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற மாதிரி வேஷம் கட்டியிருக்கிறான். அப்போதும் அவனுக்கு வெட்கமில்லை. "ஒரிஜினல்னு நான் எங்கம்மா எழுதிக் குடுத்தேன்? வீடியோல பேசறது வியாபாரம். ரசீதப் பாருங்க" என்றான். பார்த்தேன். "பழைய புல்லட் ஒன்று, முன்பணம் ஒரு லட்சம்." அவ்வளவுதான். வருஷம் இல்லை, நம்பர் இல்லை, அசல் என்கிற வார்த்தை இல்லை. அதற்கு நீ போனிலேயே சரி என்று அனுப்பியிருக்கிறாய். வண்டி வேண்டாம் என்றால் முன்பணம் திரும்பாது என்றும் அதிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். அவன் மேல் வந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் உன் மேல் திரும்பியது.

நான் உத்தமி என்று சொல்லவில்லை. கீறலுக்குப் பெயிண்ட் அடித்து விற்றவள்தான். ஆனால் கேட்டால் சொல்வேன், சொல்லி விலை குறைப்பேன். ஒருத்தன் ஊர் திரும்ப வைத்திருக்கிற காசில் கை வைத்ததில்லை.

அப்புறம்தான் நான் யார் என்று சொன்னேன். படப்பையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரைக்கும் எந்தப் புரோக்கரும் இனி உன் கொட்டகை வாசலை மிதிக்க மாட்டான், அந்த உதிர்கிற ஆர்.சி. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் என்றேன். அதுவரைக்கும் அவனுக்கு நான் அம்மா, அதற்குப் பிறகு அக்கா. "அக்கா, நீங்க பாத்து ஒரு வெல சொல்லுங்கக்கா" என்றான். முன்பணத்தைச் செலவழித்துவிட்டானாம். காசு வராது என்று தெரிந்தபின் வண்டியையாவது பிடிக்க வேண்டும். அதன் இஞ்சின் சத்தியமாக நல்ல இஞ்சின். கட்டியவள் கை அப்படி.

பேசி முடித்தது இது. எண்பத்தெட்டு மாடல், புதுப் பாகங்கள் போட்டுக் கட்டிய வண்டி என்று முத்திரைத்தாளில் எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கினேன். உண்மையான ஆர்.சி. என் பீரோவில் இருக்கிறது. பழைய ஆர்.சி.யை என் கண் முன்னாலேயே கிழித்தான். விலை ஒரு லட்சத்து இருபதாயிரம். நீ கொடுத்த லட்சம் அதில் கழிந்தது. மீதி இருபதாயிரத்தை நான் தங்கமாரி கையில் கொடுத்தேன், அவன் பார்க்கப் பார்க்க. அவள் நாளையிலிருந்து நம் கடையில், மாதம் இருபத்தைந்தாயிரம். கோடு போடத் தடையில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ கடையில் பங்கு கேட்டாய். சம்பளம்தான் தருவேன் என்றேன். நீ பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாய். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எதுவும் எழுதப் போவதில்லை. அம்மாவுக்கு முட்டி வலி அதிகம், உன் மகள் போனைப் பார்த்து அப்பா என்று கூப்பிடப் பழகிவிட்டாள். அதையும் எழுதவில்லை.

விலையை மட்டும் எழுதுகிறேன். உன்னிடம் மிச்சமிருக்கிற ஐந்து லட்சம் உன் முதல். இடம் என்னுடையது. பெயர்ப்பலகையில் இரண்டு பேர் பெயரும். லாபத்தில் சரிபாதி. பேரம் கிடையாது. பொங்கலுக்குள் வந்தால் பாதி. எப்போது வந்தாலும் பாதிதான்.

உன் அக்கா,
எழிலரசி