ஐந்தடிப் பந்தல்

குறிஞ்சிப்பாடி
தை, 2012

சிதம்பரத்தில் விவசாயம் படிக்கும் மகாராணிக்கு, திராட்சைச் சக்கரவர்த்தியான தாய்மாமன் எழுதுவது.

தானே புயல் வங்கக்கடலில் பாதியைத் தோளில் சுமந்துகொண்டு நேராக நம் தோட்டத்துக்குத்தான் வந்தது. யானை அம்பாரியோடு நுழையலாம் என்று ஒன்பதடி உயரத்தில் நான் போட்ட திராட்சைப் பந்தல் கோரைப்பாய் போலத் தரையில் விரிந்து கிடக்கிறது.

"கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைக்கு மலை காத்த மறிக்கும் மாமா. இங்க கடலுக்கும் நமக்கும் நடுவுல என்னா இருக்கு? அஞ்சடிக்கு மேல ஏத்தாதீங்க" என்று அப்போதே சொன்னாய்.

"மறிக்கத்தான் நான் இருக்கேனே! சக்கரவர்த்தி குனிஞ்சி நடக்கறதா?" என்றேன். கோபித்துக்கொண்டு பஸ் ஏறியவள் இந்தப் பொங்கலுக்கும் வரவில்லை.

நீ பிடிவாதமாக ஐந்தடியில் போட்ட ஒரே ஒரு வரிசை மட்டும் நிற்கிறது. உப்புக்காற்று இலையை எல்லாம் கருக்கிவிட்டது. கொடியை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை.

உன் அம்மா, "எல்லாத்தையும் புடுங்கிட்டு சவுக்கு போடுண்ணே" என்கிறாள். மாட்டேன். கல்தூண்களை ஆழமாகப் புதைத்து, எல்லா வரிசையையும் ஐந்தடிக்கு இறக்கிக்கொண்டிருக்கிறேன். கம்பியில் மூவாயிரம் தடவை இடித்து என் மண்டை பண்ருட்டிப் பலாப்பழமாகிவிட்டது.

உன் வரிசையில் மட்டும் யாரையும் கவாத்து வெட்ட விடவில்லை. கத்தரியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து நீயே வெட்டு. வாசலில் சக்கரவர்த்தியைத் தேடாதே. பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்துகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
மண்டை புடைத்த உன் மாமன்