கொடியின் உச்சியில் ஒரு மூக்கு

யாசெனா மடம்,
புனித திமித்ரி திருநாள்.

என் கண்ணான மகன் தபிஷிவுக்கு,

அப்பா கிராதோயே சாரத்தின் மேல்பலகையில் உட்கார்ந்து எழுதுவது. நான் சுகம். முட்டிதான் சுகமில்லை. ஏறினால் இறங்க மறுக்கிறது, இறங்கினால் ஏற மறுக்கிறது. பிடிவாதத்தில் உன்னைப் போல.

நான் வரைகிற நெமன்யா அரச வம்சத் திராட்சைக்கொடி கோயில் சுவரின் உச்சிக்கு வந்துவிட்டது. அடியில் வேராக மூதாதை, கிளைக்கு ஒருவராக அரசர்கள். பட்டம் ஏறியதும் எல்லாருக்கும் பெயர் ஸ்தெபான். மகனாக இருக்கும்வரை அப்பாவோடு சண்டை, அப்பாவான பிறகு மகனோடு சண்டை, கடைசியில் துறவியாகிப் பாவமன்னிப்பு. "இதெல்லாம் ஒரு குடும்பமா சாமி! இதுக்கு எங்க வீடே தேவலை" என்றேன். மடாதிபதி இலாரியோன் பதறிப்போய், "மெதுவாப் பேசுய்யா! சுவத்துல இருக்கறவங்களுக்குக் காதும் நீதானே வரைஞ்சிருக்கே" என்றார்.

உச்சியில் நம் அரசர். மூக்குக்கே ஒரு பகல் போய்விட்டது. கீழிருந்து பார்த்த மடாதிபதி, "என்னய்யா, முகத்துக்கு நடுவுல பாலம் கட்டறியா?" என்கிறார். இருக்கிற மூக்கைத்தானே வரைய முடியும்?

கோபித்துக்கொண்டு இளவரசரின் படையில் போய்ச் சேர்ந்தாயே, வேலெல்லாம் உனக்கு எதற்கடா? உன் அம்மா உன் கட்டிலில் பூனையைக்கூட விடுவதில்லை. வந்துவிடு. ஆடை மடிப்புகளெல்லாம் நீ வரைவதற்காக அப்படியே கிடக்கின்றன.

உன் அப்பா,
கிராதோயே


ஸ்காதர் கோட்டை,
கிறிஸ்து பிறப்பு வாரம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

மடிப்புகள்! தூரிகை பிடித்த நாளிலிருந்து எனக்கு ஆடை, செருப்பு, குதிரை வால். முகம் என்று வந்ததும், "நீ இறங்கு, நான் பாத்துக்கறேன்." ஓரத்தில் நிற்கிற ஒரு ஏழைப் புனிதரின் முகத்தையாவது எனக்குக் கொடுத்ததுண்டா?

எங்கள் இளவரசருக்கும் இதே கதைதான். கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் கொடுத்துவிட்டு, செங்கோலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார் தகப்பனார். அதனால்தானோ என்னவோ, இவரைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது.

இதற்குமேல் எழுதக்கூடாது. உச்சியில் இருக்கிற முகத்துக்கு மட்டும் அவசரப்படாதீர்கள்.

அம்மாவுக்கு உப்புமீன் அனுப்பியிருக்கிறேன். கோவேறு கழுதைக்காரன் மனம் வைத்தால் வந்துசேரும்.

தபிஷிவ்


யாசெனா மடம்,
புனித ஜோர்ஜ் திருநாள்.

மகனே,

உன் எச்சரிக்கை வந்தபோது அரசரின் முகம் காய்ந்து கல்லாகிவிட்டது. மீன் வரவேயில்லை.

இளவரசரின் படை இந்த வழியாகத்தான் போனது. மகன் வென்றாராம், அப்பா சிறையிலாம். பூசையில் எந்த அரசரின் பெயரைச் சொல்வது என்று மடாதிபதி என்னிடமே வந்து கேட்டார். "எங்கள் அரசர் ஸ்தெபான்னு சொல்லுங்க சாமி. யார் ஜெயிச்சாலும் பேர் அதுதானே?" என்றேன். மனுஷர் என்னைக் கட்டிக்கொண்டார். என் வாயால் நடந்த ஒரே நல்ல காரியம் இது.

சிரித்ததெல்லாம் பகலோடு சரி. நீ உயிரோடு இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. உன் அம்மா என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள்.

அப்பா


அரண்மனை முகாம்,
புனித பேதுரு திருநாள்.

அப்பாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். பழைய அரசரை மலைக்கோட்டைக்குக் கொண்டுபோன காவலர்களில் நானும் ஒருவன். ஆற்றங்கரையில் தண்ணீர் கொடுத்தேன். "ஓவியன் மகனாமே நீ? சுவர்ல நான் எப்படி இருக்கேன்?" என்று கேட்டார். "மூக்கு ரொம்பப் பொருத்தமாம், ஐயா" என்றேன். சிரித்தார். அதன்பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை. போன வாரம் செத்துப்போனார். எப்படி என்று கேட்காதீர்கள்.

உத்தரவு இதுதான்: உச்சியில் இருக்கும் முகத்தைக் கொத்தி எடுத்துவிட்டு, அங்கே புது அரசரை வரைய வேண்டும். உருமாற்றத் திருநாளன்று, முதல் திராட்சையை மந்திரித்துத் தரும்போது, அரசர் நேரில் வந்து பார்ப்பார்.

அப்பா, வீம்பு வேண்டாம். சுத்தியலை எடுங்கள். மறுத்தால் வரைகிற கையை வாங்கிவிடுவார்கள்.

தபிஷிவ்


யாசெனா மடம்,
எலியா திருநாள்.

என் செல்ல மகனுக்கு,

சுத்தியலோடு ஏறினேன். ஓங்கவும் செய்தேன். முடியவில்லை. பாசம் என்று நினைக்காதே, அவர் எனக்கு ஒரு கோப்பை மதுகூட ஊற்றியதில்லை. கீழ்க்கிளையை வெட்டிவிட்டு மேல்கிளையை எதில் தொங்கவிடுவது? புது அரசர் யார் தோளிலிருந்து முளைத்தார் என்று கேட்டால் நான் எதைக் காட்டுவேன்?

அதனால் அரசருக்கு மேலே வரைந்திருந்த என் தேவதூதர்களைக் கொத்திவிட்டேன். நான் வரைந்ததிலேயே அழகானவர்கள் அவர்கள்தான். மடாதிபதி அழுதேவிட்டார். பழைய அரசரின் தோளிலிருந்து புதுக் கிளை, அதில் கிரீடம், அங்கி எல்லாம் வரைந்துவிட்டேன். மடிப்புகள் முழுக்க நானே. முதுகு ஒடிந்துவிட்டதடா! இதையா உனக்கு இத்தனை வருஷம் கொடுத்தேன்?

முகம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. புது அரசரை நான் பார்த்ததில்லை, நீ பார்த்திருக்கிறாய். உருமாற்றத் திருநாளுக்கு முந்தைய நாள் விடியலில் ஈரச் சுண்ணாம்புப் பூச்சு பூசுவேன். இந்த வெயிலில் மத்தியானத்துக்குமேல் அது நிறம் வாங்காது.

வா என்று சொல்லமாட்டேன். வந்தால் என் குற்றத்தில் உனக்கும் பங்கு வந்துவிடும். மேல்பலகை காலியாக இருக்கும், அவ்வளவுதான். நான் கீழ்ப்பலகையில் இருப்பேன்.

அப்பா


வழியில், மடத்திலிருந்து ஒருநாள் தொலைவு.

அப்பா,

உங்கள் கடிதத்தை அரசரிடமே காட்டிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. "கீழே இருக்கற மூக்கும் மேல வர்ற மூக்கும் ஒண்ணுதான், அரசே. பட்டம் யாருக்குன்னு அப்புறம் யாரும் கேக்க முடியாது" என்றேன். நெடுநேரம் மூக்கைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போய் வரை" என்றார்.

இதைக் குதிரைக்காரனிடம் எனக்கு முன்னால் அனுப்புகிறேன். பூச்சு பூசிவிடுங்கள். மஞ்சள் மண்ணைக் கொஞ்சம் கூடுதலாகக் குழைத்து வையுங்கள். அவருக்கு அப்படியே அவர் அப்பாவின் மூக்கு.

தபிஷிவ்