மூத்தவன் அனுப்பிய பயறு

மலும்பாஷி
ஞாயிற்றுக்கிழமை

என் மாலமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உனக்கு உடல் நலத்தையும் உன் வயலுக்கு மழையையும் தருவானாக. இங்கே எல்லோரும் சுகம். உன் தம்பி ஹம்ஸாவின் பெண் குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, அதைவிட நன்றாகக் கத்துகிறது. உன் பெரியம்மா லாமிக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. பயப்படாதே, கெட்ட சேதி எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை நீ ஹம்ஸாவோடு போனில் பேசியபோது நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவுக்கு வர முடியாது என்றாய். "பெத்தவளே என் பயறத் தொடல. அப்புறம் ஊர்க்காரன் விதையத் திருப்பிக் குடுக்காம என்ன செய்வான்? நான் எந்த முகத்தோட அங்க வர்றது?" என்று நீ சொன்னது என் காதிலும் விழுந்தது. ஹம்ஸா போனை நீட்டினான். கை ஈரம் என்று வழக்கம்போல் தள்ளிவிட்டேன்.

நம் ஹௌசா வீடுகளில் எந்தத் தாய் தன் தலைப்பிள்ளையோடு போனில் கொஞ்சிப் பேசுகிறாள்? உன் பெயரைச் சொல்லிக்கூட நான் கூப்பிட்டதில்லை. சின்ன வயதில் ஓயாமல் கேள்வி கேட்டாய் என்று வாத்தியார் என்னும் பொருளில் மாலம் என்றேன், அதுவே நிலைத்துவிட்டது. ஊரும் என்னை ஹம்ஸாவின் அம்மா என்றுதான் அழைக்கிறது. இதையெல்லாம் வாயால் பேச எனக்கு வெட்கம். கையால் எழுத வெட்கப்பட வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அறுவடை முடிந்ததும் நீ அந்த மூட்டையை அனுப்பினாய். உங்கள் ஆராய்ச்சி வயலில் விளைந்த தட்டைப்பயறு, மரபணு மாற்றியது, காய்ப்புழு அண்டாதது, அரசாங்கம் தின்னலாம் என்று சொல்லிவிட்டது, அம்மா அதை அரைத்து எண்ணெயில் கொசை சுட்டுக் கொடுத்தால் ஊர் ருசி பார்க்கும் என்று ஹம்ஸாவிடம் சொல்லியிருந்தாய். நான் மூட்டையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, சந்தையில் வாங்கிய பயறையே அரைத்துச் சுட்டேன். ஏன் தெரியுமா? மூத்தவன் அனுப்பியதை முதல் நாளே தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினால் என்னை என்னவென்று பேசுவார்கள்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று மற்றத் தாய்மார்கள் சொல்லிக்கொள்ளலாம். தலைப்பிள்ளைக்காரிக்கு அந்த உரிமை கிடையாது. நீ விழுந்து அழுதபோதெல்லாம் தூக்கியது லாமிதான். உன் அப்பா எனக்கு முன்னால் கட்டியவள், அவளுக்கு உன்னைக் கொஞ்சத் தடையில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். அதன் அர்த்தம் உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஊர் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டது. "சொந்தத் தாயே தின்னல, நமக்கென்ன தலையெழுத்தா?" என்று தையல்காரர் ஈரோ கேட்டாராம். அது ஒன்று பத்தாகி, அந்தப் பயறில் தேள் விஷம் இருக்கிறது, தின்ற பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது என்று கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிட்டது. இந்த மழைக்கு ஊன்றுவதாகச் சொல்லி உன் விதையை வாங்கியவர்கள் ஒவ்வொருவராக ஹம்ஸாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். பெல்லோ மட்டும் கடைசிவரை வைத்திருந்தார். அவரும் போன வாரம் கொண்டுவந்துவிட்டார்.

எனக்குப் பயமே இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் பயத்தைவிட அது என்னதான் என்று பார்க்கும் ஆசை அதிகம். யாரும் இல்லாத நேரத்தில் மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். நம் பயறுபோலவே வெள்ளை, கண்ணும் அதே கறுப்பு. மோந்து பார்த்தேன், ஒன்றைக் கடித்தும் பார்த்தேன். ஆனால் ஒரு பயறில்கூட வண்டுத் துளை இல்லை. சந்தையில் துளையே இல்லாத பயறைப் பார்த்தால் நாங்கள் வாங்கமாட்டோம், மருந்துப் பொடி கலந்திருப்பார்கள். லாமி எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டே வேண்டாம்னு விட்டத மனுசன் திங்கலாமாடி?" என்று கேட்டாள்.

சரி, வண்டையே கேட்டுவிடுவோம் என்று உன் பயறு ஒரு டப்பா, சந்தைப் பயறு ஒரு டப்பா எடுத்து, இரண்டிலும் வண்டு விட்டு மூடிவைத்தேன். தினமும் திறந்து பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. கடைசியில் இரண்டு டப்பாவிலும் வண்டு குடும்பம் குட்டியோடு வாழ்ந்தது. "உன் மவன் படிச்ச படிப்புக்கு வண்டு கொஞ்சம்கூட மரியாதை குடுக்கலையே" என்று லாமி விழுந்து விழுந்து சிரித்தாள். ஹம்ஸாவைக் கேட்டேன். இது வயலில் காயைத் துளைக்கும் புழுவுக்கு மட்டும்தான், மூட்டையில் விழும் வண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நீ காற்றுப் புகாமல் கட்டி அனுப்பியதால்தான் துளை இல்லை என்றான். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் ஏமாற்றம்.

ஆனால் மாலம், எனக்கு இன்னும் கேள்விகள் இருக்கின்றன. தின்ற புழு சாகிறது, தின்ற நான் ஏன் சாகமாட்டேன்? "புழு வயிறு வேற, உன் வயிறு வேறம்மா" என்கிறான் ஹம்ஸா. அது எப்படி வேறு? இதற்கு முன்னால் இதை யார், எத்தனை வருஷம் தின்றார்கள்? இதில் விதை எடுத்து வைத்து அடுத்த மழைக்கு ஊன்றினால் அதே குணம் இருக்குமா, யாரையும் கேட்க வேண்டியதில்லையா? நீ அனுப்பும் படம் போட்ட தாள் எனக்கு வேண்டாம். நீயே வந்து சொல். போன வருஷம் பயறுக்கு மருந்தடித்துவிட்டு வந்து ஹம்ஸா வாசலில் சுருண்டு வாந்தியெடுத்ததையும் நான் மறக்கவில்லை. அந்த மருந்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். உன் பயறு என்ன செய்யும் என்று தெரியாது. இரண்டையும் மனதில் மாற்றி மாற்றி எடை போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நீ போனை வைத்த பிறகு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து உன் பயறை ஊறவைத்தேன். தோலைத் தேய்த்துக் கழுவி, மிளகாய், வெங்காயத்தோடு அரைத்து, நேற்றுக் காலையில் நான் கொசை விற்கும் தெருமுனை அடுப்புக்குக் கொண்டுபோனேன். நீலச் சட்டியில் சந்தைப் பயறு மாவு, சிவப்புச் சட்டியில் உன்னுடையது. எது எதுவென்று வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லாமல் ஒருவர் வாயில் எதையும் போடக் கூடாது, அது நீ செய்ததாகவே இருந்தாலும்.

"சிவப்புச் சட்டில இருக்கிறது யாரோட பயறு?" என்று பெல்லோ கேட்டார். தெரிந்தேதான் கேட்டார். கூட்டம் என் வாயையே பார்த்தது. எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது. நான் சொன்னேன், "என் பயறுதான். என் மூத்தவன் எனக்கு அனுப்பினது."

லாமி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. தண்ணீர் எடுக்கப் போன ஒருத்தி எனக்காக வெட்கப்பட்டு முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் முதல் கொசையை எடுத்து, ஆறக்கூட விடாமல் அவர்கள் முன்னாலேயே தின்றேன். நாக்கு வெந்துபோனது. உன் பயறு கொஞ்சம் எண்ணெய் அதிகம் குடிக்கிறது, அதையும் குறித்துக்கொள். ருசியில் குறை இல்லை.

ஊரே வாங்கித் தின்றது என்று நினைத்துவிடாதே. ஈரோ, "கோவிச்சுக்காத ஹம்ஸா அம்மா, நான் பழசையே தின்னுக்கிறேன்" என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை, நீலச் சட்டியிலிருந்து நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தேன். மோட்டார் சைக்கிள் ஓட்டும் பையன்கள் பந்தயம் கட்டிக்கொண்டு தின்றார்கள். பெல்லோ ஒன்றை வாங்கிப் பிட்டு, உள்ளே வெகுநேரம் பார்த்துவிட்டுத் தின்றார். விதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக்கும் சிவப்புச் சட்டி உண்டா என்று மட்டும் கேட்டார். மீந்ததை நானும் லாமியும் கஞ்சியோடு தின்று முடித்தோம். இதை எழுதும்வரை இரண்டு பேரும் நன்றாகவே இருக்கிறோம்.

நீ இருக்கும் ஸாரியாவுக்கு வண்டி ஓட்டும் சானியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை விழா. வா, மாலம். உன் தம்பி மகளின் பெயரை உன் காதால் கேள். என் கேள்விகளுக்குப் பதில் கொண்டுவா, தெரியாததைத் தெரியாது என்று சொல்லு, அதனால் எனக்கு நீ குறைந்துபோகமாட்டாய். இரண்டு சட்டியிலும் உனக்குச் சுட்டு வைக்கிறேன்.

ஆனால் நீ வரும்போது நான் வாசலுக்கு வரமாட்டேன். ஒரு நாள் வாய் திறந்துவிட்டேன் என்பதற்காக இத்தனை வருஷ வழக்கம் போய்விடாது. வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அடுப்படியில் ஒருத்தி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அவளிடம் வா.

அல்லாஹ் உன் வழியையும், உன் கையால் முளைப்பது எல்லாவற்றையும் காப்பானாக.

இப்படிக்கு,
மாலமின் அம்மா