அம்மா லேபிள் பார்க்க வருகிறாள்

கோவில்பட்டி
9.2.1997

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அப்பா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் என் முழங்கால் நலமில்லை, மற்றபடி நானும் அம்மாவும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விளாத்திகுளத்துக் காட்டில் மிளகாய் இந்த வருஷம் சுமார்தான், கடைசி மழை ஏமாற்றிவிட்டது. போன வாரம் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததற்கே இரண்டு நாள் படுத்துவிட்டேன். தீப்பெட்டிக் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்க நாக்பூர், பாட்னா, உங்கள் கவுகாத்தி வரை இருபத்தைந்து வருஷம் லைன் போன கால் இது, இப்போது விளாத்திகுளத்துக்கே முரண்டு பிடிக்கிறது.

உன் கடிதம் வந்தது. பிரம்மபுத்திராவைப் படகில் தாண்டியது, வீட்டுக்கு வீடு தறி இருப்பது, கண்ணுக்கெட்டிய மட்டும் மஞ்சளாகப் பூத்த கடுகு வயல், எல்லாவற்றையும் அம்மா சத்தமாக இரண்டு தடவை படித்தாள். மடித்து வைத்துவிட்டு, அப்போ ஊரெல்லாம் ஒண்ணு இல்லையா என்று என்னைக் கேட்டாள்.

ஊரெல்லாம் ஒண்ணு என்பது நான் சொன்ன பொய், பிரியா. முதல் தடவை லைன் போய் வந்தபோது ஆசை ஆசையாக எல்லாம் சொன்னேன். கோதாவரிப் பாலத்தில் வண்டி போகும்போது பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் காசை எறிந்து கும்பிடுவது, ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் பாஷை, சாப்பாடு, சேலைக்கட்டு எல்லாம் மாறியிருப்பது. நீ கைக்குழந்தை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டவள், அடுத்த மட்டம் நானும் வரட்டுமா என்றாள். லைன் போகிறவன் பெண்டாட்டியை எங்கே கூட்டிப்போவது? அதன்பிறகு ஊர்க்கதை சொல்வதையே நிறுத்திக்கொண்டேன். ஒரே தீக்குச்சிக்கு வடக்கே ஒரு ஊரில் மயில் லேபிள் ஓடும், ஆற்றைத் தாண்டினால் ரோஜாப்பூ லேபிள்தான் ஓடும். அதையே வைத்து, ஊரெல்லாம் ஒண்ணுதான் மீனாட்சி, குச்சி அதேதான், மேல ஒட்டுற லேபிள்தான் வேற என்று சொல்லி வைத்தேன். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கும் அது வசதியாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பட்டாளத்தில் இருக்கிற உன் அத்தை மகன் கிருஷ்ணராஜ் லீவு முடிந்து பங்குனி பத்தாம் தேதி கவுகாத்திப் பக்கம்தான் திரும்புகிறான். அவனோடு உன் வீட்டுக்கு வருவதாக அம்மா தானே பேசி முடித்துவிட்டாள். மூன்று நாள் ரயில், பிரஷர் வேறு இருக்கிறது, பாஷை தெரியாது என்று நான் இழுத்தேன். குச்சியத்தான் இங்கனயே பாத்தாச்சே, லேபிளப் போய்ப் பாத்துட்டு வாரேன் என்றாள். சரி, நானும் வருகிறேன் என்றதற்கு, நீங்கதான் எல்லாத்தையும் பாத்துட்டியளே, இந்தக் கால வச்சிக்கிட்டு எதுக்கு அலையுதிய, வீட்டப் பாத்துக்கிட்டு இருங்க என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அங்கே யார் வீட்டுக்குப் போனாலும் பச்சைப் பாக்கு கொடுப்பார்கள், அம்மாவை மரியாதைக்கு வாங்கிக்கொள்ளச் சொல், வாயில் போடவிடாதே, தலை சுற்றும். அவளுக்கு ஒரு கம்பளி வாங்கி வை. எனக்கு அசதிதான், பிரியா, ரயில் பெட்டியை நினைத்தாலே இடுப்பு வலிக்கிறது. ஆனாலும் அவள் அதையெல்லாம் முதல்முதலாகப் பார்க்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது.

செண்பகவல்லி அம்மன் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. அம்மா பெயருக்கு உடனே ஒரு கடிதம் போடு. அதில், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா என்று ஒரு வரி எழுது. நான் சொன்னதாக எழுதாதே. ரிசர்வேஷன் பாரத்தில் அவள் பெயரை மட்டும் எழுதி, அடுத்த வரியை விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
முத்துகிருஷ்ணன்