மாணிக்கம் அங்கிளின் வலது கை

ரேவதிக் கண்ணு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. திவசத்துக்கு நாள் பார்த்துவிட்டதாக உன் அம்மா சொன்னார்கள். உன் மகள் அச்சு அசல் நீயேதான், எதிர்க்கேள்வி கேட்காமல் ஒரு வாய் வாங்குவதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றது எதுவும் நல்ல செய்தி இல்லை.

ஆஸ்பத்திரியில் நம் சிகிச்சைப் பிரிவை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளமே தெரியாது. ஒருத்தி சிங்கப்பூர் போய்விட்டாள். இன்னொருத்தி வேலையை விட்டுவிட்டு, பக்கத்து ஊரான மேருவில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள், முகத்தில் களை வந்துவிட்டது. உன் இடம் உட்பட எதற்கும் புது ஆள் வரவில்லை.

பக்கவாதம் வந்தவர் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டு முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருப்பதுதானே நம் வேலை? பொறுத்திருக்கத்தான் நேரமில்லை. ஒரே மேசையைச் சுற்றி நாலு பேரை உட்கார வைக்கிறேன். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே அடுத்தவரின் பொத்தானை நானே போட்டுவிடுகிறேன். பிறகு சிகிச்சை கொடுத்ததாகக் கையெழுத்தும் போடுகிறேன்.

நாம் பிரிக்பீல்ட்ஸில் ஒரே அறையில் தங்கியிருந்தபோது, வேலைக்குக் கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வந்து இறங்கும்வரை நோயாளிகளைப் பற்றியே பேசுவோம். பேச ஆளில்லாமல் ரயிலில் வருவதை விட்டுவிட்டேன். இப்போது காரில் வருகிறேன். நிறுத்திய பிறகும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன், இறங்கக் கால் வருவதில்லை. உனக்கும் இப்படி இருந்ததா? சொல்லாமல் மறைத்தாயா?

உன்னிடம் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. காப்பார் ஊரில் இருந்து வரும் லோரி ஓட்டுநர் மாணிக்கம் அங்கிள், உன் நோயாளி. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோய், வாய் திறக்காமல், மனைவி ஊட்டினால் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தார். நீதான் அவரைக் கட்டிலில் இருந்து கிளப்பினாய். "மக கல்யாணத்துல பந்தியில உக்காந்து வலது கையால சாப்பிடுவீங்க அங்கிள், பாருங்க" என்றாய்.

நான் உன்னைத் தனியே இழுத்துக் கேட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்ன? அந்தக் கை வருமா?"

"முதல்ல அவரு வரட்டும்டி. வந்தாத்தானே ஏதாவது செய்ய முடியும்?"

அவர் வந்தார். நீ போன பிறகும் ஒரு சிகிச்சைத் தவணை விடாமல் என்னிடம் வந்தார். தோள் கொஞ்சம் அசைந்தது, முழங்கை மடங்கியது. விரல்கள் மட்டும் திறக்கவே இல்லை. அடுத்த மாதம் கல்யாணம். இனி முன்னேற்றம் இருக்காது, சிகிச்சையை முடித்துவிடு என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"அங்கிள், இந்தக் கை சாப்பிடற அளவுக்கு வராது. இடது கையில பழகிக்கலாம். நான் சொல்லித் தரேன்."

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரேவதி மிஸ் வரும்னு சொன்னாங்களே."

நான் அவர் இடது கையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"அவங்க இருந்திருந்தா வந்திருக்கும் லா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. போன் செய்தால் அவர் மனைவிதான் எடுத்தார். "கட்டில விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறாரு மிஸ். மறுபடி நான்தான் ஊட்டுறேன். அத்தனை பேரு முன்னால இடது கையால எப்படிச் சாப்பிடறதுன்னு கல்யாணத்துக்கே வரலங்கிறாரு. நீங்க அதைச் சொல்லாம இருந்திருக்கலாம்."

நீ பொய் சொன்னாய், அவர் எழுந்து நடந்தார். நான் உண்மையைச் சொன்னேன், மறுபடி படுத்துவிட்டார். நம்மில் யாரடி அவருக்கு வைத்தியம் பார்த்தது? உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நம்பிக்கையை நீ கொடுத்துவிட்டுப் போனாய், திரும்ப வாங்குகிற வேலை என் தலையில் விழுந்தது. ராஜினாமாவை எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

நேற்று வீட்டில் ஒரு வேலை செய்தேன். இலை போட்டு, சோறு ரசம் எல்லாம் பரிமாறிக்கொண்டு, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிட்டுப் பார்த்தேன். ரசம் முழங்கை வரை வழிந்தது. பாதிச் சோறு மடியில் விழுந்தது. யாருமே இல்லாத வீட்டில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் "இடது கையில பழகிக்கோங்க" என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன், ரேவதி!

சனிக்கிழமை காப்பார் போகிறேன். அங்கிளின் மனைவியிடம் கேட்டுவிட்டேன். "வாங்க மிஸ், சோறு ஆக்கி வைக்கிறேன்" என்றார். எதற்கு வருகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

இந்த வேலையில் நீடிப்பேன் என்று உனக்கு வாக்குத் தர மாட்டேன். அதைக் காப்பாற்றும் தெம்பு எனக்கில்லை. அங்கிள் எழுந்து உட்காருவாரா, பந்திக்கு வருவாரா, அதுவும் தெரியாது. ஆனால் அவர் கட்டிலுக்கு எதிரில் இலை போடச் சொல்லி, அவர் வீட்டார் எல்லோரும் பார்க்க, இடது கையால் சாப்பிடுவேன். சிந்தினாலும் சிரித்தாலும், அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாலும், இலையில் ஒரு பருக்கை மிச்சம் இருக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் மகளுக்கு இன்றும் என்றும் சின்னம்மா,
பத்மா